மெர்சியைத் தெரியாதாம்

1

போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, என் கணவர் என்னை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டதாக ஓர் இளம்பெண் வந்து என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே சங்கடமாக இருந்தது. நான் தலையாட்டினேன். நம்பிவிட்டேன்.

அவள் சொன்னதைவிட, நான் அதை நம்பிய வேகம்தான் இன்றைக்கும் என்னைத் திகைக்க வைக்கிறது. இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் சர்ச்சில் மோதிரம் மாற்றிக்கொண்ட மனுஷன். எதிர்க்கேள்வி ஒன்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை நான் ஓடிய மலை ஓட்டப் போட்டிக்கு இந்த வருடமும் பெயர் கொடுக்கிறீர்களா என்று கேட்டு நேற்று மின்னஞ்சல் வந்திருந்தது. ஒரு வருடம் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. யாரிடமாவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. இங்கே சொல்ல ஆள் இல்லை. அதனால் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் பெயர் மெர்சி. பொழிச்சலூரில் பிறந்து வளர்ந்தவள். தாம்பரத்தில் படிப்பு, பல்லாவரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் முதல் வேலை, அப்புறம் கல்யாணம், அமெரிக்கா. இப்போது நாற்பத்தொன்பது வயது. யூட்டா மாநிலத்தின் தெற்கே ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். தினமும் முப்பது, நாற்பது பேரின் கையைப் பிடித்து ரத்தம் எடுக்கிறேன். எங்கள் ஊரில் தமிழ் பேசுகிறவர்கள் என்னையும் சேர்த்து ஒருவர்.

2

நான் ஓட ஆரம்பித்தது நாற்பத்து நாலு வயதில். அதற்கு முன்னால் ஓடியதெல்லாம் பல்லாவரம் ஸ்டேஷன் படிக்கட்டில், எலக்ட்ரிக் ட்ரெயினைப் பிடிக்க மட்டும்தான். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொன்னார். நடந்தேன். சீக்கிரம் வீடு திரும்பினால் அங்கே செய்ய ஒன்றும் இல்லை என்பதால் தூரத்தைக் கூட்டினேன். தூரம் கூடக்கூட நேரம் போதவில்லை என்று ஓடத் தொடங்கினேன். இதைவிடப் பெரிய லட்சியம் எதுவும் எனக்கு இருந்ததில்லை.

காரில் ஒன்றரை மணி நேரம் மலையேறினால் அந்தப் பாறைகள் வரும். மழையும் பனியும் அரித்து அரித்துத் தூண் தூணாக நிற்கிற பாறைகள். ஒரே தூணில் அடியில் செங்கல் நிறம், நடுவில் ஆரஞ்சு, அதற்கு மேல் மாதுளை முத்தின் ரோஸ், உச்சியில் சுண்ணாம்பு வெள்ளை. காலையில் ஒரு மாதிரி இருக்கும், மதியம் வேறு மாதிரி. முதல் தடவை பார்த்தபோது பம்மலில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்னால் ஓடிய கால்வாய்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அப்பா அங்கேதான் வேலை பார்த்தார். தோலுக்குப் போடுகிற சாயத்தால் அந்தத் தண்ணீர் ஒரு நாள் சிவப்பாக, ஒரு நாள் காவியாக ஓடும். மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுவோம். இங்கே அதே நிறங்களைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வந்து கேமராவோடு நிற்கிறார்கள். நானும் அவர்களோடு நின்றேன். அழகாகத்தான் இருந்தது.

பாறைகள் முடிகிற இடத்தில் பைன் காடு தொடங்கும். மரப்பட்டையின் பிளவில் மூக்கை வைத்தால் கேக்குக்குப் போடுகிற வெனிலா எசன்ஸ் வாசனை. உதிர்ந்த ஊசி இலைகள் மெத்தை மாதிரிக் கிடப்பதால் காலடிச் சத்தம்கூடக் கேட்காது. அந்த அமைதிதான் எனக்குப் பழக நாளாயிற்று. பொழிச்சலூரில் விமானம் தலைக்கு மேலே தாழ இறங்கும்போது எல்லாரும் பேச்சைப் பாதியில் நிறுத்துவோம். அது கடந்துபோனதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடருவோம். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். இந்தக் காட்டுக்குள் ஓடும்போது எல்லாரும் அப்படிப் பேச்சை நிறுத்தி வைத்திருப்பது போலவே எனக்குத் தோன்றும். யாராவது தொடர்வார்கள் என்று காது காத்துக்கொண்டே இருக்கும்.

பம்மலில் இருக்கிற அக்காவிடம் போனில் இதைச் சொன்னேன்.

"எதுக்குடி ஓடுற? யாராவது தொரத்துறாங்களா?"

"இல்லக்கா, சும்மா."

"சும்மா யாராச்சும் காட்டுல ஓடுவாங்களா? அங்க கரடியெல்லாம் இருக்குதாமே! எட்வின் ஒண்ணும் சொல்லலியா?"

எட்வின் ஒன்றும் சொல்லவில்லை. எட்வின் அப்போது சென்னைப் பக்கம் நாவலூரில் இருந்தார்.

3

எட்வின் என் கணவர். தாம்பரம் சானடோரியம் பகுதிக்காரர். அமெரிக்காவில் பதினாறு வருடம் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்த்தார். ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய பிரிவையே மூடிவிட்டார்கள். அடுத்த வேலை கிடைக்கவில்லை. எனக்கு இந்த ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. மகள் பெனிட்டாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாக இந்த ஊருக்கு வந்தோம். இங்கே கம்ப்யூட்டர் வேலை ஏது? நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு விடுதியில் வரவேற்பு மேஜையில் நின்றார். சட்டையில் பெயர் குத்தியிருக்கும். சாவி கொடுப்பார், காலையில் காபி இயந்திரத்தைத் துடைப்பார். வீட்டில் அதைப் பற்றிப் பேசமாட்டார். நானும் கேட்கமாட்டேன். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. ஒரே பிள்ளை. "ஆறு மாசம் மெர்சி. பாத்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். நாவலூரில் நாங்கள் முன்பே வாங்கிப் போட்டிருந்த அபார்ட்மெண்டில் தன் அம்மாவை வைத்துப் பார்த்துக்கொண்டார். பக்கத்திலேயே ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்தது. இரண்டு வருடத்தில் மாமியார் இறந்தார். அடக்கத்துக்கு நான் போய் வந்தேன். அதற்குப் பிறகு எட்வின் திரும்பி வருவதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஞாயிறுதோறும் எனக்கு மாலை ஏழு மணி, அவருக்குத் திங்கள் காலை. போன் வரும். "சர்ச் முடிஞ்சுதா? சாப்பிட்டியா? பாப்பா பேசினாளா?" பதில்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

4

அந்தச் சனிக்கிழமை ஓட்டம் இருபத்தைந்து கிலோமீட்டர். பாறைகளுக்கு நடுவே இறங்கி, பைன் காட்டைச் சுற்றி, மறுபடி மேலே ஏறி வரவேண்டும். வழி தெரிய மரக்கிளைகளில் ரோஸ் ரிப்பன் கட்டியிருப்பார்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் தொண்டர்கள் இரண்டு பேர் யாரும் விடுபடாமல் பார்த்துக்கொண்டு வருவார்கள். பெரும்பாலும் அந்தக் கடைசி ஆள் நான்தான். அதில் எனக்கு வெட்கமில்லை.

பதினெட்டாவது கிலோமீட்டருக்குப் பக்கத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ரிப்பன் எந்தப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் மனசுக்குள் எட்வினிடம் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தேன். ஓடும்போதுதான் எனக்கு அவரிடம் பேச்சே வரும். கால் மணி நேரம் போன பிறகுதான் ரிப்பனே இல்லை என்று கவனித்தேன். திரும்பலாம் என்று ஒரு செம்மண் சரிவில் குறுக்கே இறங்கினேன். மேலாகச் சின்னச் சின்னச் சரளை, கோலிக்குண்டு கொட்டிய தரை மாதிரி. வலது கால் வழுக்கி, உடம்பு அதன் மேலேயே விழுந்தது. முருங்கைக்காய் ஒடிகிற சத்தம் கேட்டது. அது என் கணுக்கால் என்று புரிய ஒரு நொடி ஆயிற்று.

எழுந்து நிற்க இரண்டு தடவை முயன்றேன். முடியவில்லை. போனில் சிக்னல் இல்லை. பாட்டிலில் பாதித் தண்ணீர். பின்னால் வந்த தொண்டர்கள் சரியான பாதையில் என்னைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

"ஹெல்ப்" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. என் இங்கிலீஷ் ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்ட இங்கிலீஷ். "கொஞ்சம் குத்தும், மூச்சை இழுத்துக்கோங்க" என்று மெதுவாகச் சொல்வதற்கான பாஷை. அதில் எனக்குக் கத்த வரவில்லை. "யாராவது இருக்கீங்களா" என்று தமிழில் கூப்பிட்டேன். அது அழுகையாகப் போய் முடிந்தது. அழுதால் தூரத்துக்குக் கேட்காது என்று அந்த நிலையிலும் தெரிந்தது.

பல்லாவரத்தில் ஷேர் ஆட்டோக்காரர்கள் ஆள் கூப்பிடுவதைக் கேட்டிருப்பீர்கள். ரயில் சத்தம், பஸ் ஹாரன், மேலே விமானம், எல்லாவற்றையும் தாண்டிக் கேட்கும். மூக்கிலிருந்து கிளம்புகிற குரல். அந்தக் குரலை எடுத்துப் பார்த்தேன்.

"பம்மல் பம்மல் பம்மல்! பொழிச்சலூர் பொழிச்சலேய்!"

எதிர்ப்பாறையில் மோதித் திரும்பி வந்தது. இன்னும் பலமாகக் கூவினேன். இருபது தடவை கூவுவேன், நூறு எண்ணுவேன், மறுபடி கூவுவேன். நடுவில் சிரிப்புக்கூட வந்தது. தொண்டை கட்டியபோது ஒரு மடக்குத் தண்ணீர். வெயில் பாறையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போயிற்று. ஆரஞ்சு நிறம் மங்கிப் பழுப்பானது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. இப்படியே இருட்டிவிட்டால் குளிரில் தாங்கமாட்டேன் என்று தோன்றியது. ஓட்டத்தை நடத்துகிறவர்களை விட்டால், நான் காணாமல் போனது இந்த உலகத்தில் யாருக்குத் தெரியும் என்று எண்ணிப் பார்த்தேன். சனி, ஞாயிறு எனக்கு வேலை இல்லை. திங்கள் காலை ஏழு மணிக்கு லேபில் தேடுவார்கள். அதற்கு முன்னால் யாருக்கும் நான் தேவைப்பட மாட்டேன்.

எட்வினின் ஞாயிற்றுக்கிழமை போனை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. இதை அப்போது கவனிக்கவில்லை.

கடைசியில் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் சரிவின் மேலே தலையை நீட்டினார். டேல் என்று பெயர், தேட வந்த தொண்டர். ஏதோ பறவை என்று நினைத்தாராம். விடாமல் ஒரே ராகத்தில் கேட்டதால் திரும்பி வந்தாராம். பக்கத்தில் மண்டியிட்டு, "உங்க பேர் என்னம்மா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"மெர்சி."

"பயப்படாதீங்க, பயப்படாதீங்க. உங்களை ஒண்ணும் ஆக விடமாட்டோம்" என்றார்.

இங்கிலீஷில் மெர்சிக்கு இரக்கம் என்று பொருள். என்னைக் காப்பாற்றுங்கள் என்று கெஞ்சுவதாக நினைத்துவிட்டார். அது என் பெயர்தான் என்று விளக்கத் தெம்பில்லை. கெஞ்சியதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

5

தூக்குப் படுக்கையில் வைத்து என்னைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். கூடாரத்தில் ஒரு கம்பளியைப் போர்த்தினார்கள். அப்போதுதான் பதிவுப் பட்டியலைக் கையில் வைத்திருந்த அந்த இளம்பெண் வந்தாள்.

"அவசரத்துக்குக் கூப்பிட நீங்க கொடுத்திருந்த எண்ணுக்குப் பேசினோம். கணவர்னு போட்டிருந்தீங்க." அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. "மெர்சின்னு யாரையும் தெரியாதுன்னு சொல்லிட்டாங்க. வேற யாரையாவது கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்" என்றேன்.

அவ்வளவுதான். வலிக்குக் கொடுத்த மாத்திரையை விழுங்கினேன். எட்வின் அப்படிச் சொல்வாரா என்று யோசிக்கவில்லை. ஏன் சொன்னார் என்றுதான் யோசித்தேன். காரணங்கள் வரிசையாக வந்தன. பக்கத்தில் யாராவது இருந்திருப்பார்கள். அல்லது அவருக்கு இந்த நாடே வேண்டாம், நானும் அதில் ஒரு பகுதி. ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டு அவருக்காக நானே வாதாடினேன், நானே தீர்ப்பும் சொன்னேன்.

என் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். கணுக்காலுக்கு மேலே ஒரு எலும்பில் முறிவு. நகர்ந்துவிடவில்லை, கட்டுப் போட்டால் போதும் என்றார்கள். மயக்கம் வரக்கூடிய ஊசி போட்டிருந்ததால், பொறுப்பான ஒருவர் வந்து கையெழுத்திட்டு அழைத்துப் போனால்தான் வீட்டுக்கு விடமுடியும் என்பது விதி. அந்த விதியை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். "யார் வருவாங்க மெர்சி?" என்று நர்ஸ் கேட்டாள். தினமும் மதியம் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள். எனக்கு மகள் உண்டு, கணவர் உண்டு என்று அவளுக்குத் தெரியும். நான் யாருமில்லை என்று தலையாட்டியதைப் பார்த்து, தன் வேலை முடிகிற வரை என்னை அங்கேயே படுக்க வைத்திருந்து, அவளே கையெழுத்துப் போட்டுக் காரில் கொண்டுவந்து விட்டாள்.

நான் எட்வினைக் கூப்பிடவில்லை. மகளையும் கூப்பிடவில்லை.

6

ஞாயிறு மதியம், ஓட்டத்தை நடத்தும் சூசன் என்ற பெண்மணி நலம் விசாரிக்கக் கூப்பிட்டாள். பேசி முடிக்கிற நேரத்தில், "அந்த அம்மாவுக்கும் ஒரு போன் பண்ணிடுங்க. பாவம், நேத்து நாலு தடவை கூப்பிட்டாங்க" என்றாள்.

"எந்த அம்மா?"

"உங்க கணவர் நம்பர்ல இருந்தவங்க."

கட்டுப் போட்ட கால் திடீரென்று பல மடங்கு கனத்தது. அந்த இளம்பெண் இங்கிலீஷில் சொன்ன வார்த்தையில் ஆணா பெண்ணா என்பது இல்லை. ஆக, நாவலூர் வீட்டில் போனை எடுத்தது ஒரு பெண். நேற்று யோசித்த காரணங்களில் இது இருந்தது. இருந்தாலும் காதால் கேட்பது வேறு.

"என்ன பேசினாங்க?" என்று கேட்டேன். என் குரல் நன்றாகத்தான் இருந்தது.

"உங்களைத் தெரியாதுன்னு சொன்னாங்க. ஆனா அரை மணி நேரம் கழிச்சு அவங்களே கூப்பிட்டு, அந்தப் பொண்ணு கிடைச்சுதான்னு கேட்டாங்க. நாங்க கண்டுபிடிக்கிற வரைக்கும் விடல. வட கரோலினாக்காரங்க போல, பேச்சுல அந்த ஊர் இழுவை."

எனக்கு விளங்க நேரமாயிற்று. பதிவுப் படிவத்தில் நாட்டின் குறியீட்டுக்கு இடமில்லை. பத்து இலக்கத்துக்கான கட்டம் மட்டும் இருந்தது. ஊரிலும் மொபைல் எண் பத்து இலக்கம், இங்கேயும் பத்து இலக்கம். எட்வினின் எண்ணை எழுதினேன், படிவம் ஏற்றுக்கொண்டது. ஆனால் இந்த நாட்டில் அந்தப் பத்து இலக்கம் வட கரோலினாவில் வேறு ஒருவருடையது. மூன்று வருடமாக ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அந்த எண்ணைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

அவரைக் கூப்பிட்டேன். லோரெய்ன் என்று பெயர். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். "எனக்கு உன்னைத் தெரியாதுதான். ஆனா ஒரு பொண்ணைக் காணோம்னு சொன்னபிறகு எப்படிச் சாப்பிடறது? தட்டை மூடி வச்சுட்டேன்" என்றார். நான் நன்றி சொன்னேன். அவர் எலும்புக்கு என்ன சாப்பிடவேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். வைத்த பிறகு ரொம்ப நேரம் அழுதேன். முன்பின் தெரியாத ஒருத்தி எனக்காகச் சாப்பிடாமல் இருந்தாள். அதே நேரத்தில் நான் என் கணவர் மேல் இல்லாத பழியெல்லாம் சுமத்திக்கொண்டிருந்தேன்.

7

மாலை ஏழு மணிக்கு எட்வினின் போன் வந்தது.

"சர்ச் முடிஞ்சுதா?"

"போகல. விழுந்துட்டேன். கால்ல எலும்பு முறிஞ்சிருக்கு."

"என்னது? எப்போ?"

"நேத்து."

"நேத்தா! ஏன் போன் பண்ணல?"

எல்லாவற்றையும் சொன்னேன். பறவை என்று டேல் நினைத்ததுவரை அவர் "அய்யோ, அய்யோ" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இளம்பெண் சொன்னதையும் சொன்னேன். பின்னால் பழைய மகாபலிபுரம் சாலையின் காலை நேர ஹாரன்கள் மட்டும் கேட்டன.

"நான் உன்னைத் தெரியாதுன்னு சொன்னேன்னு சொன்னதும் நீ நம்பிட்டியா?"

"ம்."

"ஒரு நாள் முழுக்க?"

"ஆமா. முழுசா ஒரு நாள்."

"அப்படிப்பட்டவனா மெர்சி நான்?"

"தெரியலங்க. அதான் எனக்கும் பயமா இருக்கு. அத்தை போய் நாலு வருஷம் ஆச்சு. ஏன் வரலன்னு நீங்க சொல்லல. நானும் கேக்கல. இப்ப கேக்கறேன். வருவீங்களா, மாட்டீங்களா?"

அவர் எழுந்து ஜன்னலைச் சாத்துவது கேட்டது. ஹாரன் சத்தம் நின்றது.

"கிரீன் கார்டைத் திருப்பிக் குடுத்துட்டேன்."

"எப்போ?"

"மூணு வருஷம் ஆச்சு. ஒரு ஃபார்ம் இருக்கு. எழுதி, கார்டையும் வச்சு அனுப்பிட்டேன். வெளிய ரொம்ப நாள் இருந்துட்டேன் இல்ல, திரும்பி வந்தா ஏர்போர்ட்ல கேள்வி கேப்பாங்க. என்னால நின்னு பதில் சொல்ல முடியாது. அது மட்டும் இல்ல. அங்க நான் சாவி குடுக்கறவன். இங்க எல்லாரும் சார்னு கூப்பிடறாங்க. கேவலமாத்தான் இருக்கு சொல்றதுக்கு. ஆனா அதை விட்டுட்டு வர முடியல."

அந்தப் படிவத்தில் காரணம் எழுத ஓர் இடம் இருந்ததா என்று கேட்டேன். அரசாங்கப் படிவம் எதுவும் அது இல்லாமல் இருக்காது.

"இருந்துது."

"என்ன எழுதினீங்க?"

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு."

மாமியார் இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானும் படிவத்தில் என்னவோதானே எழுதியிருந்தேன். "சரி, வேலைக்குக் கிளம்புங்க, நேரமாச்சு" என்றேன். "வைக்காத" என்றார். நான் வைக்கவில்லை.

8

எட்வின்தான் மகளிடம் சொல்லியிருக்கிறார். பெனிட்டா அப்போது வேறு மாநிலத்தில் கல்லூரியில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். எட்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு புதன்கிழமை வந்து நின்றாள். வாசலில் பையைப் போட்டுவிட்டு, "ஏன் என் நம்பரை எழுதல?" என்று இங்கிலீஷில் கேட்டாள். வேறு எதுவும் கேட்பதற்கு முன்னால் இதுதான்.

"நீ போன் எடுக்க மாட்டியே கண்ணு."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "இதுக்கு எடுப்பேன்" என்றாள். அப்புறம் என் காலையே பார்த்துக்கொண்டு, "மத்ததுக்கும் எடுக்கணும்னு தெரியும்" என்றாள்.

நாலு நாள் இருந்தாள். துணி துவைத்தாள், திட்டினாள், என் ஷூவை எங்கேயோ ஒளித்து வைத்தாள். நாங்கள் இருவரும் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வோம். வீட்டில் அவளோடு தமிழ் பேசியவர் எட்வின். அதுவும் வேண்டுமென்றே மெட்ராஸ் பாஷை பேசிச் சிரிக்க வைப்பார். அவர் போனபோது அவளுக்குப் பதினாலு வயது, அவள் தமிழும் அந்த வயதிலேயே நின்றுபோயிற்று. கிளம்புகிற அன்று காலையில் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

"இன்னா மேடம், கால் எப்டி கீது?"

உச்சரிப்பு அமெரிக்காக்காரியுடையது. ராகம் அப்படியே எட்வினுடையது. "பரவால்ல" என்றேன். அவள் அதற்குள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள்.

9

பிப்ரவரியில் மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். எட்வின் விமான நிலையத்தில் நின்றார். மெலிந்திருந்தார். என் பெட்டியை வாங்கும்போது முதலில் என் காலைத்தான் பார்த்தார்.

நாவலூர் அபார்ட்மெண்டில் பதினோராவது மாடி. ஒரு தட்டு, ஒரு தம்ளர், சின்ன குக்கர். எனக்காகப் புதிதாக இன்னொரு தட்டு வாங்கி வைத்திருந்தார், விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. என் வீடும் இப்படித்தான் இருக்கிறது என்று சொன்னேன். முதல் வாரம் விருந்தாளிகள் மாதிரி நடந்துகொண்டோம். இரண்டாவது வாரத்தில் பேசினோம். இந்த வயதில் நான் அங்கே வேலையை விட முடியாது. பெனிட்டாவின் படிப்பு இருக்கிறது. எனக்கு அந்த ஊரும் பழகிவிட்டது. அவர் இங்கிருந்து வரமாட்டார். ஒரு நாள் மாலை பால்கனியில் உட்கார்ந்து இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லி முடித்தோம். சண்டை வரவில்லை. பிரிவது என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. சேர்ந்திருப்பது என்றும் சொல்லவில்லை. 'ஆறு மாசம்' என்ற பேச்சை ஆறு வருடமாக இருவரும் நம்புவது போல் நடித்தது மட்டும் முடிந்தது.

கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால், "நானும் உன்கூட ஓட வரட்டா?" என்று கேட்டார். விடிந்ததும் போனோம். உள்ளே தள்ளி ஓர் ஏரிக்கரை இருக்கிறது. ஒரு பக்கம் கோரையும் நீர்க்கோழியும், எதிர்க்கரையில் வரிசையாக அபார்ட்மெண்டுகள். கால் சரியாகி நான் மெதுவாக ஓட ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கே அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. அரைக் கிலோமீட்டரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மதகின் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ போ. நான் இங்கயே உக்காந்திருக்கேன். திரும்பி வா, சேந்து போலாம்."

போனேன். கரை வளைந்து போய் ஒரு முள்வேலியில் முடிந்தது. அங்கே நின்று மூச்சு வாங்கினேன். ஒரு கிழவர் எருமைகளை ஓட்டிக்கொண்டு போனார். தனியாக ஓடுவது எனக்குப் பழகிய காரியம். ஆனால் பின்னால் ஒருவர் எனக்காக உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்து ஓடியது அதுதான் முதல் தடவை. அவசரப்படாமல் நின்றேன். வேண்டுமென்றேதான் நேரம் கடத்தினேன்.

திரும்பி வளைவைத் தாண்டியபோது மதகு கண்ணில் பட்டது. சுவரில் யாரும் இல்லை.

நான் ஓடுவதை நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டப் போனதும்தான் பார்த்தேன். கரைமேல், மதகுக்கு இந்தப் பக்கத்தில், ஒரு கையால் விலாவை அழுத்திக்கொண்டு, மற்றக் கையில் செருப்புகளைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு எட்வின் என்னை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார்.

"உக்காந்திருக்கேன்னு சொன்னீங்களே" என்றேன்.

"ரொம்ப நேரம் ஆயிடுச்சு மெர்சி. ஆளைக் காணோமேன்னுதான் தேடிகிட்டு வந்தேன்."

அவர் உள்ளங்காலில் நெருஞ்சி முள் ஏறியிருந்தது. அங்கேயே மண்ணில் உட்கார வைத்து, காலை என் மடியில் எடுத்து வைத்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். தினமும் ஊசி பிடிக்கிற கைதான். "கொஞ்சம் குத்தும், மூச்சை இழுத்துக்கோங்க" என்றேன்.